பச்சையம்மாள் சொல்லாத மாத்திரை

பச்சையம்மாளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அடி அண்ணாமலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எழுபத்து நான்காவது வயதில் அவர் ஒரு பொய் சொன்னார். அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றபடி பேனா பிடித்துக் கதை எழுதுகிற ஆள் இல்லை நான்.

என் பெயர் அன்பரசன். செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்து முனையில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. எனக்குக் கோபம் ஜாஸ்தி என்பார்கள். வராமல் என்ன செய்யும்? டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதியிருந்தால் இரண்டு நாளைக்குக் கொடு போதும் என்பார்கள். பௌர்ணமிக்கு மலையைச் சுற்றிவிட்டு வந்து, கொப்புளத்துக்கு நான்தான் காரணம் என்கிற மாதிரி காலைத் தூக்கிக் காட்டுவார்கள். எல்லோரிடமும் எரிந்து விழுவேன். பச்சையம்மாளிடம் மட்டும் அது செல்லாது. நான் கத்தி முடிக்கிற வரைக்கும் கவுண்டரில் கையூன்றி நின்றுவிட்டு, "இன்னா அன்பு, முடிஞ்சுதா? சரி, மாத்திர குடு" என்பார்.

அவரும் அவர் புருஷன் காசியும் ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பிழைத்தவர்கள். கிணற்றில் தண்ணீர் கம்மியானபோது பச்சையம்மாள் இந்தப் பக்கத்து விடுதிகளுக்கு ரூம் சுத்தம் செய்ய வந்தார். இருபத்தாறு வருஷம் அதே வேலை. செக் அவுட், ஹாட் வாட்டர், நோ ஷூஸ் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனையோ நாட்டுக்காரர்களைக் கட்டி மேய்த்தார். பெட்ஷீட்டை உதறிப் பார்த்தே அந்த ரூம்காரருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். "அஞ்சாம் நம்பர் வெள்ளக்காரருக்கு வயித்தால போவுது, ஆனா வாயத் தொறக்க மாட்டேன்றாரு. நீ ஒரு பவுடர் குடு, நான் கரைச்சுக் குடுக்கறேன்" என்று வந்து நிற்பார். என் கடைக்கு வெளியூர் ஆட்கள் வர ஆரம்பித்ததே அவர் கைகாட்டி அனுப்பித்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் காசி ரோட்டில் ஒரு வேன் மோதி இறந்துபோனார். அதற்குப் பிறகு பச்சையம்மாளுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு டாக்டர் பத்து நாளைக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். பதிமூன்றாம் நாள் பழைய சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இதுக்குப் புதுச் சீட்டு வேணும்மா" என்றேன்.

"டாக்டருக்குப் போனா ஒரு நாள் வேல போவும்பா. ரெண்டு நாளா கண்ணே மூடல. கண்ண மூடுனா அந்த மனுசன் ரோட்டுல கெடக்கறதுதான் தெரியுது."

கொடுத்துவிட்டேன். பாவம் பார்த்துக் கொடுத்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் மாதம் பாவம் பார்த்தது உண்மை. பிறகு பதினோரு வருஷம் கொடுத்ததற்குப் பெயர் பாவம் பார்ப்பது இல்லை. டாக்டரிடம் போங்கள் என்று சண்டை போட எனக்குச் சோம்பல். ஊரில் எல்லோரிடமும் சண்டை போடுகிறவன் இந்த ஒரு சண்டையைப் போட்டிருக்க வேண்டும். ராத்திரிக்கு அரை மாத்திரையில் தொடங்கியது ஒன்றாயிற்று. கடைசி இரண்டு வருஷம் இரண்டு.

போன தை மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு மெடிக்கலில் சீட்டில்லாமல் இந்த மாதிரி மாத்திரை விற்றதாக டிரக்ஸ் இன்ஸ்பெக்டர் வந்து, கடையைப் பதினைந்து நாள் மூட வைத்தார்.  அன்றைக்காவது நான் பச்சையம்மாளை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வைத்திருக்கலாம். நான் செய்தது வேறு. மாத்திரை அட்டையில் பெயர் அச்சடித்த பக்கம் என்னிடமே இருக்கிற மாதிரி கத்தரியால் வெட்டி, பெயரில்லாத துண்டுகளாகக் கவரில் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். கொடுக்கும்போதெல்லாம் ஒரே பாட்டுதான். "யாரு கேட்டாலும் சொல்லாதீங்கம்மா. என் லைசென்ஸே போயிடும்."

"நான் எதுக்குப்பா சொல்லப்போறேன்" என்பார். மகனுக்குக்கூடத் தெரியாது. முந்தானையில் முடிந்துகொண்டு போவார்.

இந்தச் சித்திரைப் பௌர்ணமிக் கூட்டம் கலைந்த திங்கட்கிழமை, விடுதியில் ஒரே நேரத்தில் பதினோரு ரூம் காலியாயிற்று. அழுக்கு பெட்ஷீட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் துவைக்கிற இடத்துக்கு இறங்கியபோது ஈரப்படியில் வழுக்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு உடைந்துவிட்டது. மகன் மணிவேல், வேங்கிக்காலில் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன், போட்டது போட்டபடி ஓடிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். மறுநாளே ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு நான் பார்க்கப் போனேன். ஹார்லிக்ஸ் பாட்டிலும் கையுமாக வார்டுக்குள் நுழைகிறேன், கட்டில் பக்கத்தில் தமிழ்செல்வி என்ற நர்ஸ் ஒரு படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண், முப்பது இருக்கும். என்னைப் பார்த்ததும் மணிவேல், "எங்க மெடிக்கல் அண்ணன், சிஸ்டர். அம்மாவுக்கு எல்லாமே அவரு கடைதான்" என்று அறிமுகம் செய்தான். பச்சையம்மாள் வலியிலும் சிரித்தார். "வந்துட்டியா. இதுல உக்காரு" என்று கட்டில் ஓரத்தைக் காட்டினார்.

"இது எதுக்கும்மா இத்தினி கேள்வி? ஒடஞ்சது காலு தானே" என்று நர்ஸிடம் கேட்டார்.

தமிழ்செல்வி பொறுமையாகச் சொன்னாள். "வயசானவங்களுக்கு இந்த எலும்பு ஒடைஞ்சு ஆபரேஷன் பண்ணா, நாலு பேர்ல ஒருத்தருக்காவது ரெண்டு மூணு நாள் புத்தி குழம்பிடுதும்மா. புள்ளைங்களயே தெரியாது, ட்ரிப்ஸ புடுங்கிப் போட்டுடுவாங்க, எழுந்து ஓடப் பாப்பாங்க. அது யாருக்கு வரும்னு முன்னாடியே மார்க் போட்டுக் கண்டுபுடிக்கத்தான் இது. சேப்பு ஸ்டிக்கர் வந்தா ஒரு ஆளு கூடவே இருந்து பாத்துக்குவோம், மருந்தையும் யோசிச்சுக் குடுப்பாங்க. மஞ்சன்னா அடிக்கடி பாப்போம். பச்சைன்னா பயமில்ல."

படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். இதற்கு முன்னால் மறதி உண்டா? காது கேட்கிறதா? கண்ணாடி போடுவீர்களா? சர்க்கரை உண்டா? கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லுங்கள் என்றதும் பச்சையம்மாள் கடகடவென்று ஒப்பித்தார். "ஞாயிறு, சனி, வெள்ளி, வியாழன். ஞாயித்துக்கெழமதான் செக் அவுட் ஜாஸ்தி" என்று இலவசமாக ஒரு தகவலும் கொடுத்தார். அந்த வார்டே சிரித்தது.

"தினம் என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"பிரஷருக்கு ஒண்ணு. காலைல."

"தூக்கத்துக்கு எதாவது போடுவீங்களா? ரெகுலரா போட்டுகினு இருந்துட்டு சட்டுனு நிறுத்தினா அதுவே குழப்பத்த கொண்டாந்துடும். இருந்தா தைரியமா சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டாங்க."

பச்சையம்மாள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் ஒரு கேள்விதான் இருந்தது. சொல்லட்டுமா அன்பு? என் தலையைக் கொஞ்சம் ஆட்டியிருந்தால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். நான் ஹார்லிக்ஸ் பாட்டில் லேபிளில் காலாவதித் தேதியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அதெல்லாம் இல்லம்மா" என்றார் பச்சையம்மாள்.

தமிழ்செல்வி கூட்டிப் பார்த்துவிட்டுப் பச்சை ஸ்டிக்கரைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினாள். "பச்சையம்மாளுக்குப் பச்சதான் வரும், வேற எது வரும்" என்று மணிவேல் கிண்டல் செய்தான். அவன் முகத்தில் அத்தனை நிம்மதி. தூக்க மாத்திரைக்கு நேராக எத்தனை மார்க் என்று நான் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன். அது மட்டும் சேர்ந்திருந்தால் சிவப்பு.

நான் ஒன்றும் தெரியாத ஆள் இல்லை. பார்மஸி படித்தவன். வருஷக்கணக்கில் சாப்பிட்ட இந்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு நானே பூசி மெழுகினேன். இரண்டு நாள்தானே, வலிக்கு மருந்து கொடுப்பார்கள், அதிலேயே தூங்கிவிடுவார் என்றேன். அது சரிப்படாதபோது இன்னொரு யோசனை வந்தது. திருட்டு யோசனை. யாருக்கும் தெரியாமல் நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டால் போகிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சட்டைப்பையில் இரண்டு மாத்திரையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து தனி வார்டில் வைத்திருந்தார்கள். உள்ளே யாரையும் விடவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். புதன்கிழமை கடையில் கூட்டம் இருக்கிறது, வேலை இருக்கிறது என்று போகவே இல்லை. போகாததற்கு அது காரணம் இல்லை. பயம்.

வியாழக்கிழமை மத்தியானம் மணிவேல் கடைக்கு வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"அம்மாவுக்குப் புத்தி மாறிடுச்சுணா" என்றான். "நேத்து காலைலயே கை நடுங்குச்சு. வேர்த்துக் கொட்டுச்சு. ராத்திரி ஆனதும் ஒரே சத்தம். அஞ்சாம் நம்பர் ரூம் சாவி எங்கன்னு கேக்குது. கட்டில் பெட்ஷீட்ட உருவி மடிக்குது, மறுபடி உருவுது. என்னப் பாத்து நீ யாருப்பா, செருப்ப வெளிய வுட்டுட்டு வான்னு சொல்லுச்சு. எங்கம்மாணா. என்னப் பாத்து."

நான் கவுண்டரில் கிடந்த பில் புத்தகத்தை நேராக எடுத்து வைத்தேன்.

"பச்ச ஸ்டிக்கர் போட்டவங்களுக்கு இப்படி வராதேன்னு டாக்டரே குழம்பறாரு. வீட்டுல இருக்கற மாத்திர எல்லாத்தயும் தேடிக் கொண்டாரச் சொன்னாரு. அம்மா பொட்டில இதான் இருந்துச்சு. பேரு இல்ல. உங்களுக்குத்தான தெரியும், இது என்னா மாத்திர?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினான். என் கத்தரி வெட்டிய நான்கு துண்டுகள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை. திங்கட்கிழமை சொல்லாததற்காவது அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார், நான் தடுமாறினேன் என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம். வியாழக்கிழமைக்கு ஒரு சாக்கும் கிடையாது. அவன் என்னை நம்பித்தான் வந்தான். என் வாயில் முதலில் வந்தது இதுதான்:

"சத்து மாத்திரைபா. கால்சியம்."

"பேர எழுதிக் குடுங்கணா, டாக்டர்கிட்ட காட்டணும்."

பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, ஒரு கால்சியம் மாத்திரையின் பெயரை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.  பழக்கதோஷத்தில் எழுத்து முத்து முத்தாக வந்தது. "ரொம்ப தேங்க்ஸ்ணா" என்று சொல்லிவிட்டு ஓடினான். அன்றைக்கு அதற்குப் பிறகு கடைக்கு வந்த ஒருவரிடமும் நான் கோபப்படவில்லை. ஒரு கிழவர், "இன்னா அன்பு, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டே போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மணிவேல் போன் செய்தான். அம்மாவுக்கு வலிப்பு வந்துவிட்டது என்றான்.

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. வார்டில் பச்சையம்மாள் மல்லாந்து கிடந்தார். இரண்டு மணிக்கட்டையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டதில் உதடெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. கட்டின கைகளின் விரல்கள் மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. என்னைப் பார்த்தார். யார் என்று தெரியவில்லை. "ஹாட் வாட்டர் இல்ல" என்றார். "ஹாட் வாட்டர் பத்து மணிக்குத்தான்."

தலைமாட்டில் பச்சையைக் கிழித்துவிட்டுச் சிவப்பு ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் தமிழ்செல்வி திங்கட்கிழமைப் படிவத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ராத்திரி முழுக்க அவள்தான் பார்த்துக்கொண்டாளாம். என்னைப் பார்த்ததும், "எங்க தப்பு பண்ணேன்னு தெரியல சார்" என்றாள். "அந்தம்மாகிட்ட நான் ஒண்ணு ஒண்ணா கேட்டேன். நீங்ககூட இருந்தீங்க இல்ல? நான் எதையாவது கேக்காம விட்டுட்டேனா? உங்களுக்கு நெனப்பு இருக்குதா?"

சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டாள் அந்தப் பெண்.  செருப்பால் அடித்திருந்தாலும் அவ்வளவு குறுகியிருக்க மாட்டேன்.

"டாக்டர் எங்கம்மா?" என்றேன்.

டாக்டர் பாலாஜி தன் அறையில் தலைக்கு என்னென்ன ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார். இந்தப் படிவத்தை இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவரே அவர்தான் என்று மணிவேல் சொல்லியிருந்தான். நான் நின்றபடியே சொன்னேன். மாத்திரையின் பெயர், ராத்திரிக்கு எத்தனை, எத்தனை வருஷம், கடைசியாக எந்த ராத்திரி சாப்பிட்டிருப்பார் என எல்லாவற்றையும் சொன்னேன். 

அவர் என்னை ஒன்றும் கேட்காமல் முதலில் வார்டுக்குப் போன் செய்தார். என்ன மருந்தை எவ்வளவு போட வேண்டும் என்று சொன்னார். "குழப்பம்னு நெனச்சு நாம தூக்க மருந்தே தரக்கூடாதுன்னு வெச்சிருந்தோம். இவங்களுக்கு அதுதான் தேவை. உடனே குடுங்க" என்றார். போனை வைத்துவிட்டு, பைலிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். என் பில் தாள்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

"நேத்து மத்தியானம்."

"ஆமாங்க."

"நேத்து மத்தியானம் தெரிஞ்சிருந்தா இன்னைக்குக் காலைல வலிப்பு வந்திருக்காது." கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று நினைத்தேன். "நான் மேல எழுதித்தான் ஆகணும். தெரியும் இல்ல?"

"எழுதுங்க சார்."

வெளியே வந்து மணிவேலிடம் நானே சொன்னேன். டாக்டர் வாயால் அவன் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். அந்த அளவுக்காவது மனசாட்சி இருந்தது. அவன் என் சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"உங்ககிட்டதானே கொண்டாந்து காட்டுனேன்" என்றான். அண்ணன் என்ற சொல் அதில் இல்லை. அம்மாவின் கட்டிலுக்குப் போய்விட்டான்.

தமிழ்செல்வி இன்னும் அந்தப் படிவத்தோடு நின்றிருந்தாள். "நீ எதையும் விடலம்மா. சரியாத்தான் கேட்ட" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அதற்குப் பிறகு அங்கே நிற்க எனக்குத் துணிவில்லை.

மருந்து போட்ட அன்று சாயங்காலமே நடுக்கம் குறைந்தது என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமை கைக்கட்டை அவிழ்த்தார்கள். திங்கட்கிழமை மகனை அடையாளம் தெரிந்துகொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாராம். ஆனால் முழுசாகத் திரும்பவில்லை. இது நடந்த பிறகு சில பேருக்கு ஞாபகம் பழைய நிலைக்கு வராது என்று டாக்டர் மணிவேலிடம் சொல்லியிருக்கிறார். இனிமேல் விடுதி வேலை கிடையாது. எலும்பு ஒட்டிவிடும், மற்றதைச் சொல்ல முடியாது. அந்த மாத்திரையை டாக்டரே எழுதிக் கொடுத்து, வாரத்துக்குக் கொஞ்சம் என்று குறைத்துக்கொண்டு வருகிறார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்திருக்க வேண்டியது இப்போது நடக்கிறது.

ஆஸ்பத்திரியில் படிவத்தையும் மாற்றிவிட்டார்கள். மாத்திரை பற்றிக் கேட்கும்போது கூட வந்தவர்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அந்த வரி என்னால் வந்தது. என் பெயர் அதில் இல்லை, அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். என் லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள். ஷட்டரை இறக்கும்போது, பயந்து பயந்து செத்தது இதற்குத்தானா என்று இருந்தது. மூன்று மாதம். இதைக் காப்பாற்ற ஒரு மனுஷியின் புத்தியைப் பணயம் வைத்தேன்.

நான் அடி அண்ணாமலைப் பக்கமே போகவில்லை. மலை சுற்றுகிற ரோட்டில் போக வேண்டியிருந்தால்கூட வேறு வழியில் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு மாதம் கழித்து மணிவேலின் மனைவி அருணாதேவி போன் செய்தாள். "அத்தை உங்கள பாக்கணும்னு தினம் கேட்டுகினே இருக்காங்க. அவரு வேலைக்குப் போனப்புறம் வந்துட்டுப் போயிடுங்க" என்றாள். அழைப்பு என்று சொல்ல முடியாது. வேறு வழியில்லாமல் செய்த போன்.

திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். நினைத்தபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஒரு மாதமாக யாரும் என்னைத் திட்டவில்லை. மனைவி பேசாமல் சோறு போட்டாள். பக்கத்துக் கடைக்காரர்கள் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. பச்சையம்மாள் வாய்க்கு வந்தபடி பேசட்டும், காலில் விழுந்துவிடலாம் என்று தீர்மானம் செய்துகொண்டு போனேன்.

வீட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். முன்னால் வாக்கர். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். ஆனால் பெயரைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் உதட்டை அசைத்தார். பிறகு, "மெடிக்கல் தம்பி" என்றார். இருபத்திரண்டு வருஷமாக என்னை அன்பு என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்தான்.

மருமகளிடம், "டீ போட்டுக் கொண்டா" என்று சொல்லி அனுப்பினார். அவள் உள்ளே போகிற வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் கையைப் பிடித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"கடைய மூடிட்டாங்களாமே."

"ஆமாம்மா. மூணு மாசம். அது ஒண்ணும் இல்ல."

"நான் புத்தி கெட்டுக் கெடந்தேன்பா. இன்னா பேசுனேன்னே எனக்குத் தெரியல. இவங்களும் சொல்ல மாட்டேன்றாங்க." குரலைத் தாழ்த்தினார். "உன் பேர உளறிட்டேன் போல கீது. யாரு கேட்டாலும் சொல்லாதன்னு நீ அத்தினி வாட்டி சொல்லி இருந்த. நான் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கபா."

 ஒரு மாதமாக இந்த அம்மாள் இந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க சொல்லலம்மா" என்றேன். "நான்தான் போய் டாக்டர்கிட்ட சொன்னேன். தப்பு என்னுது. முதல் நாளே நான் சொல்லியிருக்கணும்."

"நீயா சொன்ன?"

"நான்தாம்மா."

"நான் சொல்லல?"

"சொல்லல."

"புத்தி இல்லாதப்பகூட?"

"ஒரு வார்த்தகூடச் சொல்லல."

பச்சையம்மாள் என் கையை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முகம் எவ்வளவு தெளிந்துவிட்டது என்று என்னால் சொல்லத் தெரியாது. நான் சொன்ன மற்றது எதுவும் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. உள்ளே பார்த்து, "அருணா, தம்பிக்குச் சக்கர கொஞ்சம் ஜாஸ்தியா போடு" என்று குரல் கொடுத்தார்.

டீ வந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். குடித்தேன்.